‘உப்பு போகுது’ என்றால் அது உப்பு இல்லை

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். மகளுக்குத் தலைப்பிரசவம், 33 வாரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது பிரஷர் 150/100, யூரினில் ‘உப்பு ரெண்டு பிளஸ்’. கிரியாட்டினின் (கிட்னி வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் பார்ப்பது) 1.0, லேப் தாளில் நார்மல் என்றே போட்டிருக்கிறது, ஆனாலும் அட்மிட் ஆகச் சொல்கிறார்கள். “கிட்னிதான் நல்லா இருக்கே, சாப்பாட்டில் உப்பை நிறுத்திவிட்டு வாழைத்தண்டுச் சாறு கொடுத்துப் பார்க்கலாமா?”

அட்மிட் பண்ணுங்கள் என்று அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன். ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன், இதே கேள்வி அறுவடைக் காலத்து நெல் மூட்டை மாதிரி வந்துகொண்டே இருப்பதால்.

முதலில் அந்த ‘உப்பு’. நம் பக்கம் எல்லோரும், நர்சம்மா உட்பட, அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் போவது ஆல்புமின் என்கிற புரதம். யூரினில் நனைத்துப் பார்க்கும் ஸ்டிரிப் வராத காலத்தில் டெஸ்ட் டியூபில் சிறுநீரைச் சுட வைத்து இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விடுவோம், ஆல்புமின் இருந்தால் முட்டை வெள்ளை வெந்த மாதிரி வெளுத்துத் திரியும். உப்பு அப்படித் திரியுமா? அதனால் ரசத்தில் உப்பைக் குறைத்து இதை நிறுத்த முடியாது. பாவம், அந்தப் பெண் வாய்க்கு ருசியில்லாமல் சாப்பாட்டையும் குறைத்துவிடுவாள், அவ்வளவுதான்.

சரி, புரதம் ஏன் கசிகிறது? கோளாறு தொடங்குவது கிட்னியில் இல்லை, நஞ்சுக்கொடியில். அதற்கு ரத்தம் சரியாகக் கிடைக்காதபோது அது சில பொருட்களைத் தாயின் ரத்தத்தில் விடுகிறது, அவை எல்லா ரத்தக் குழாய்களின் உள்சுவரையும் கெடுக்கின்றன. கிட்னியின் வடிகட்டியில் இருப்பது மயிரிழையைவிட மெல்லிய குழாய்கள். அவற்றின் உள்சுவர் உப்பி, ஆகாயத்தாமரை மண்டிய வாய்க்கால் போல வழி குறுகிவிடும். ஒரு பக்கம் வடிப்பது குறைகிறது, இன்னொரு பக்கம் வெளியே போகக்கூடாத புரதம் போகிறது. கூடவே பிரஷரும் ஏறுகிறது. இதுதான் பிரீ எக்லாம்சியா. பெரும்பாலும் 20 வாரத்துக்கு அப்புறம் வரும்.

இப்போது அந்த 1.0. லேப் தாளில் இருக்கும் அளவு கர்ப்பமில்லாதவர்களுக்கானது. கர்ப்பத்தில் கிட்னி வழக்கத்தைவிட ஏறக்குறைய பாதி மடங்கு அதிகமாக வேலை செய்வதால் கிரியாட்டினின் 0.4இலிருந்து 0.8க்குள் இறங்கி நிற்க வேண்டும். ஃபைலில் மூன்றாம் மாதத் தாளைத் தேடிப் பாருங்கள் அம்மா. அதில் 0.5 என்று இருந்தால் இன்றைய 1.0 இரட்டிப்பு. கிட்னி அடிபடுகிறது என்று அர்த்தம், ‘நார்மல்’ என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது.

வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடட்டும், மருந்தாக நம்ப வேண்டாம். கால் வீக்கத்துக்கு மெடிக்கலில் நீர் மாத்திரை, தலைவலிக்கு வலி மாத்திரை என்று நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் இந்த நேரத்தில் தாயின் கிட்னிக்கும் ஆகாது, வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் நடு ராத்திரியானாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் நோய் இறங்கும், ஆனால் 33 வாரத்துப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. நாள் தள்ளலாமா கூடாதா என்பதைத் தினமும் பார்த்து முடிவெடுக்கத்தான் அட்மிஷன். தஞ்சாவூர் ராசா மிராசுதார் மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பயப்படாதீர்கள், குறைமாதக் குழந்தைக்கு அங்கே வசதி உண்டு. வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் ஊசி போட்டால், நர்ஸ் அடிக்கடி வந்து முழங்காலில் தட்டி, மூச்சை எண்ணி, யூரின் பையைக் குனிந்து பார்ப்பார். அந்த மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். பையில் 4 மணி நேரத்துக்கு 100 மில்லியாவது சேரவில்லை என்றால் அடுத்த டோஸைத் தள்ளிவைப்பார்கள்.

கிட்னி போய்விடுமா என்றால், பெரும்பாலோருக்குப் போகாது, சில வாரங்களில் தேறிவிடும். ஆனால் பிரசவம் ஆன முதல் வாரத்தில் பிரஷர் மறுபடி ஏறலாம், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிள்ளைக்கு 14ஆம் வாரத் தடுப்பூசி போடப் போகிற அன்றே மகளுக்கும் பிரஷர், யூரின், கிரியாட்டினின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அப்போதும் ஆல்புமின் போனால் கிட்னி டாக்டரிடம் காட்ட வேண்டும்.