நாயின் சிறுநீரில் ரத்தம்

கேள்வி: கருத்தடை அறுவை செய்த எங்கள் 5 வயது லாப்ரடார் பெண் நாய்க்கு இரண்டு நாளாகச் சிறுநீர் சிவப்பாக வருகிறது. அடிக்கடி உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாகப் போகிறது. என்ன செய்வது?

பதில்: அடிக்கடி உட்காருவதும் சொட்டுவதும் சிறுநீர்ப்பைத் தொற்றையோ கல்லையோ காட்டுகின்றன, இரண்டும் சேர்ந்தும் வரும். பெண் நாய்க்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் குட்டை என்பதால் கிருமி சுலபமாக மேலேறிவிடும்.

காலையின் முதல் சிறுநீரில், ஆரம்பத் துளிகளை விட்டுவிட்டு, 5 மில்லியாவது சுத்தமான டப்பாவில் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் சேர்க்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அதற்குமுன் வீட்டிலிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால், சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்பதே தெரியாது. கல் இருக்கிறதா என்பதை ஸ்கேனும் எக்ஸ்ரேயும் சொல்லும்.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் கொடுக்கவே கூடாது. நாய்க்கு அவை விஷமாகலாம்.

சிறுநீர் காபி நிறத்தில் இருந்து, ஈறு வெளிறி, காய்ச்சலும் இருந்தால் கதை வேறு. உண்ணி பரப்பும் பேபீசியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பதால் அப்படி வரும்; அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும். முக்கியும் சிறுநீர் வரவேயில்லை என்றால் நள்ளிரவானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.