எடை குறைந்த பேஸ் பாக்ஸ் வாங்கினால் நாதம் குறையுமா?

தேவகோட்டையைச் சேர்ந்த வாசகர் ஒருவர், காரைக்குடி ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் ஐந்து தந்தி பேஸ் கிட்டார் வாசிப்பவர், கேட்டிருக்கிறார்: "என்னிடம் இருப்பது நான்கு பத்தங்குல ஸ்பீக்கர் உள்ள பழைய பாக்ஸ். 40 கிலோ இருக்கும். இரண்டு பேர் பிடிக்காமல் நகராது. எங்களுக்குப் பாதிக் கச்சேரிகள் திருவிழா மேடையிலும் கல்யாண மண்டபத்திலும். மீதி, செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் நடக்கும் மணிவிழாக்கள். தனி ஆளாகத் தூக்கும்படி ஒரு பாக்ஸ் வேண்டும். ஒரு பதினைந்தா, இரண்டு பத்தா, ஒரு பன்னிரண்டா? பதினைந்து இல்லாமல் அடிச்சத்தம் வராது என்கிறார் எங்கள் கீபோர்டு அண்ணன். லேசான பாக்ஸ் எல்லாம் சத்தத்திலும் லேசுதான் என்கிறார் மைக்செட்காரர்."

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நியோடிமியம் காந்தம் உள்ள பன்னிரண்டங்குல ஸ்பீக்கர் ஒன்று மட்டும் பொருத்திய பாக்ஸ், 8 ஓம் தடை உள்ளது, ஒரே மாடலில் இரண்டு: உங்கள் தேவைக்கு அதுவே பொருந்தும். இரண்டையும் ஒன்றாக வாங்க வேண்டியதில்லை. முதலில் ஒன்றை வாங்கி ஒரு சீசன் வாசித்துப் பார்த்த பின் மற்றதை வாங்கலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, உங்கள் நண்பர்கள் இருவரும் சொன்னதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

பதினைந்தங்குலம் என்றால் ஆழம், பத்தங்குலம் என்றால் துடிப்பு என்ற எண்ணம் பல காலமாக இருந்துவருகிறது. அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான பெண்டர் 1952இல் பேஸ்மேன் என்ற பேஸ் ஆம்பை (ஆம்பிளிஃபயரை) வெளியிட்டபோது அதில் ஒற்றைப் பதினைந்தைத்தான் வைத்தது. சில ஆண்டுகளில் அதே பேஸ்மேன் நான்கு பத்தாக மாறியது. ஸ்பீக்கரின் அங்குலக் கணக்கு, கீழ்ச் சுரம் எவ்வளவு ஆழமாக வரும் என்பதைத் தனியாகத் தீர்மானிப்பதில்லை. கோன் (ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பு) மொத்தம் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது, பெட்டியின் கொள்ளளவு என்ன, பெட்டியில் உள்ள துளை எந்த அதிர்வெண்ணுக்கு ஏற்ப வெட்டப்பட்டிருக்கிறது என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. பத்தங்குல ஸ்பீக்கர் ஒன்றின் கோன் பரப்பு ஏறக்குறைய 350 சதுர சென்டிமீட்டர், பன்னிரண்டுக்கு 530, பதினைந்துக்கு 850. உங்களிடம் இப்போது இருக்கும் நாலு பத்தின் மொத்தப் பரப்பு 1400. அதாவது ஒற்றைப் பதினைந்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். இரண்டு பன்னிரண்டுகள் சேர்ந்தால் 1060. கோன்கள் ஒரே அளவு முன்னும் பின்னும் அசைவதாகக் கொண்டால், நாலு பத்துக்கும் இரண்டு பன்னிரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 2.5 டெசிபெல்தான், காது அதை உணரும், ஆனால் கச்சேரி அதனால் கெட்டுவிடாது.

கீபோர்டு அண்ணன் பதினைந்தில் கேட்டு ரசிக்கும் உருண்டையான சத்தமும் பொய்யன்று. அது பெரும்பாலும் மேல் அதிர்வுகள் குறைவதால் வருவது. பெரிய கோன் கனமானது. மேல் அதிர்வுகளைச் சிறிய கோனைவிட முன்னதாகவே ஒரு குறுகிய கற்றையாகச் சுருக்கி நேர் முன்னால் மட்டும் அனுப்பும். பக்கவாட்டில் நிற்பவருக்கு விரல் தந்தியில் படும் ஒலி கேட்காது, அடி மட்டுமே கேட்கும். அதே உருண்டைத்தன்மை வேண்டுமென்றால், பன்னிரண்டில் ஹார்ன் ட்வீட்டரின் (மேல் அதிர்வுகளுக்கான சிறு ஸ்பீக்கரின்) குமிழைக் குறைத்து, ஆம்பில் டிரெபிளையும் சிறிது தணித்தால் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஆனால் பதினைந்தில் இல்லாத தெளிவை எந்தக் குமிழைத் திருகியும் கொண்டுவர முடியாது.

இனி ஆழத்துக்கு வருவோம். நான்கு தந்தி பேஸின் கீழ் 'ஈ' 41 ஹெர்ட்ஸ். உங்கள் ஐந்தாவது தந்தியான 'பி' 31 ஹெர்ட்ஸ். இந்த அடிப்படை அதிர்வுகளை முழு வலுவோடு தரும் பேஸ் பாக்ஸ் மிகவும் அரிது. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. என்ற பேஸ் ஆம்போடு புகழ்பெற்ற எட்டுப் பத்துப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் பிற்கால 810ஈ மாடல் சுமார் 63 கிலோ எடையுள்ளது, அதிலும் 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கி, 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபெல் குறைந்துவிடுகிறது. இருந்தும் அதைக் கேட்டவர் எவரும் ஆழம் போதவில்லை என்று சொல்வதில்லை, ஏனென்றால் 'ஈ'யை வாசிக்கும்போது அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸும் அதற்கு மேலுள்ள அதிர்வுகளும் வலுவாக வந்தால், விடுபட்ட அடியைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. ஆகவே ஒரு பாக்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது, விளம்பரத் தாளில் உள்ள 'கீழே 35 ஹெர்ட்ஸ் வரை' என்ற வரியைவிட, 70 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி உறுதியாக இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

மைக்செட்காரரின் கூற்றுக்குப் பின்னால் இருப்பது ஒலிபெருக்கி வடிவமைப்பாளர்கள் ஹாஃப்மேன் விதி என்று சொல்லும் இரும்பு விதி: ஆழம், சிறிய பெட்டி, குறைந்த வாட்டில் அதிக சத்தம் ஆகிய மூன்றில் எவையேனும் இரண்டுதான் கிடைக்கும், மூன்றாவதை விட்டுத்தான் ஆக வேண்டும். இந்த விதி பேசுவது பெட்டியின் அளவைப் பற்றி. எடையைப் பற்றி அன்று. எடை வேறு இடத்திலிருந்து வருகிறது. பழைய பாக்ஸ்களில் இருப்பது செராமிக் காந்தம். அதே விசையை அதில் சிறு பங்கு எடையுள்ள நியோடிமியம் காந்தம் தந்துவிடுவதால், ஒரு ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 2 கிலோ மிச்சமாகும். நியோடிமியம் காந்தத்தின் நாதமே மெலிவு என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. கோனும், அதை அசைக்கும் கம்பிச் சுருளும், பெட்டியும் ஒன்றாக இருந்தால் காந்தம் எதனால் ஆனது என்று காதுக்குத் தெரியாது. பெட்டி எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையா, பாப்லர் போன்ற லேசான மரத்தின் பிளைவுட்டா என்பதிலும் சில கிலோ வேறுபடும். இங்கேதான் ஏமாறும் இடம் இருக்கிறது. எடையைக் குறைக்க மெல்லிய பலகை போட்டு உள்ளே குறுக்குச் சட்டம் வைக்காமல் விட்ட பெட்டி, பலகையே அதிர்ந்து பெட்டிக்கென்று ஒரு சுரத்தைப் பாட்டில் கலந்துவிடும். பக்கவாட்டுப் பலகையின் நடுவில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: 'டக்' என்று நிற்க வேண்டும், 'டொம்' என்று இழுக்கக் கூடாது.

உங்கள் பழைய பாக்ஸிலேயே நான்கு ஸ்பீக்கரையும் நியோடிமியமாக மாற்றிவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நான்கு புதிய ஸ்பீக்கரின் விலை ஒரு பாக்ஸின் விலைக்கு அருகில் வந்துவிடும். பெட்டியின் கொள்ளளவும் துளையும் பழைய ஸ்பீக்கருக்காகக் கணக்கிடப்பட்டவை என்பதால் நாதம் தடம்புரளவும் வாய்ப்புண்டு. எட்டு கிலோ குறைந்தாலும் 32 கிலோ மிஞ்சும், அப்போதும் இரண்டு பேர் வேண்டும்.

தூக்குவதில் எடையைப் போலவே வடிவமும் முக்கியம் என்பதைச் செட்டிநாட்டு வீடுகளுக்குப் போய்வரும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெருவிலிருந்து படியேறி, முகப்பைக் கடந்து, நிலைப்படியைத் தாண்டி வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதிக்குள்) போகும்வரை சக்கரம் வைத்த பாக்ஸைக்கூட உருட்ட வழியில்லை; தூக்கித்தான் தீர வேண்டும். ஒவ்வொன்றும் 12 முதல் 16 கிலோ இருக்கும் இரண்டு பன்னிரண்டுகளைக் கைக்கு ஒன்றாகப் பிடித்தால் உடல் ஒரு பக்கம் சாயாது. மொத்த எடை அதே அளவாக இருந்தாலும் 28 கிலோவை ஒற்றைப் பெட்டியாக மார்போடு அணைத்துக்கொண்டு படியேறுவது முதுகுக்குக் கேடு. காலடியில் படி எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. இரண்டு பத்து உள்ள பாக்ஸ் எடையில் குறைவுதான், நல்ல தெளிவும் தரும். ஆனால் ஐந்தாவது தந்திக்கு அது ஒன்றே போதாது, இரண்டாவது ஒன்றைச் சேர்த்தால் நாலு பத்துக்கே திரும்பிவிடுவீர்கள்.

இந்த வீடுகளில் ஒலி நடந்துகொள்ளும் விதமும் தனி. சுண்ணாம்பு பூசி மெருகேற்றிய சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, தேக்குத் தூண், நிலைக்கண்ணாடி என எல்லாமே நடு, மேல் அதிர்வுகளைத் திருப்பி அடிப்பவை. அடியதிர்வுகளோ திறந்த முற்றத்தின் வழியாக வெளியேறிவிடுகின்றன. அதனால் வாசிப்பவர் அடி போதவில்லை என்று பேஸ் குமிழைக் கூட்டுவார். கேட்பவருக்கு எல்லாம் குழம்பிக் கேட்கும். செய்ய வேண்டியது வேறு. ஹார்னை முழுவதுமாக மூடிவிட்டு, ஒரே ஒரு பன்னிரண்டை வளவின் பின்சுவரோடு ஒட்டினாற்போல் தரையில் வையுங்கள். சுவரை விட்டு விலக்கி வைத்தால், பெட்டியின் முன்முகத்திலிருந்து சுவர் 1 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது, சுவரில் பட்டுத் திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸ் அருகே நேரலையை அழித்துவிடும். மேலே சொன்ன 82 ஹெர்ட்ஸ், அதாவது 'ஈ' தந்தியின் உயிர், அந்தக் குழியில்தான் விழுகிறது. அடியில் ஒரு ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போடுங்கள். பெட்டியின் அதிர்வு தரைக்கு இறங்காது என்பது ஒரு பயன். இரும்பு மூலை பட்டு ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழுந்தால் வீட்டு ஆச்சியிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

திருவிழா மேடை இதற்கு நேர்மாறானது. கொப்புடையம்மன் கோயில் திருவிழா போன்ற திறந்தவெளிக் கூட்டத்துக்கு உங்கள் பாக்ஸ் கேட்கப் போவதில்லை; அங்கே பேஸை ஊருக்குக் கொண்டுபோவது மைக்செட்காரரின் சப்வூஃபர், அதாவது அடியதிர்வுக்கான பெரிய ஸ்பீக்கர்தான். ஆம்பின் பின்புறமுள்ள டி.ஐ. (மிக்சருக்கு நேரே சிக்னல் அனுப்பும் சாக்கெட்) வழியாக அவருக்கு லைன் கொடுத்துவிட்டால், உங்கள் பாக்ஸின் வேலை உங்களுக்கும் டிரம்ஸ் வாசிப்பவருக்கும் கேட்கச் செய்வது மட்டுமே. அதற்கு இரண்டு பன்னிரண்டும் வேண்டும், ஆனால் பக்கம் பக்கமாக அன்று: ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள். பக்கவாட்டில் வைத்தால் இரண்டு கோன்களின் நடு அதிர்வுகள் மேடையின் சில இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். செங்குத்தாக அடுக்கினால் மேடை முழுவதும் ஒரே மாதிரி பரவும், மேல் பெட்டி உங்கள் காதுக்கும் அருகில் வரும். ஒன்றோடு இரண்டாவதைச் சேர்க்கும்போது கோன் பரப்பு இரட்டிப்பதால் 3 டெசிபெல், தடை 4 ஓமாக இறங்கி ஆம்ப் கூடுதல் வாட் தருவதால் 3 டெசிபெல் வரை, ஆக 6 டெசிபெல் அளவுக்குக் கிடைக்கலாம்.

சிறிய பாக்ஸின் உண்மையான பலவீனம் வேறு. ஒரே சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே போனால் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். துளையுள்ள பெட்டியில், துளையின் அதிர்வெண்ணுக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்தக் காற்றழுத்தம் இருக்காது; 'பி' தந்தியை ஓங்கி அடித்தால் கோன் எல்லை தாண்டி அலறும். ஆம்பில் ஹை பாஸ் பில்டர் (குறித்த அளவுக்குக் கீழுள்ள அதிர்வுகளை வெட்டும் வசதி) இருந்தால் 35 ஹெர்ட்ஸ் அருகே வையுங்கள், இல்லையென்றால் தனிப் பெடலாக வாங்குங்கள். பாக்ஸை விட முதலில் வாங்க வேண்டியது இதுவாகக்கூட இருக்கலாம். இன்னொன்று சூடு. செம்புச் சுருள் 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் தடை ஏறக்குறைய 40 சதவீதம் உயரும். ஆம்ப் அதே நிலையில் இருக்க, சத்தம் மெல்ல இறங்கும். இரண்டு மணி நேரக் கச்சேரியின் பின்பாதியில் 'பாக்ஸ் களைத்துவிட்டது' என்று தோன்றினால் காரணம் இதுதான். ஒரு சுருள் சுமப்பதை இரண்டு சுருள்கள் பகிர்ந்துகொள்வதும் இரண்டு பன்னிரண்டை நான் சொல்வதற்கு ஒரு காரணம்.

பழைய நாலு பத்தோடு புதிய பன்னிரண்டைச் சேர்த்து வாசிக்கலாமா என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். இரண்டும் 8 ஓம் என்றால் ஆம்புக்கு ஆபத்தில்லை. ஆனால் வாட் சரிபாதியாகப் பிரியும்: நான்கு பத்துகளுக்கும் சேர்த்து ஒரு பாதி, ஒற்றைப் பன்னிரண்டுக்கு மறுபாதி. ஒவ்வொரு பத்துக்கும் எட்டில் ஒரு பங்கு போகும்போது பன்னிரண்டு மட்டும் பாதியைச் சுமந்து முதலில் உயிரை விடும். பழைய பாக்ஸ் 4 ஓமாக இருந்தால் மொத்தத் தடை 3 ஓமுக்கும் கீழே போய்விடும். 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று எழுதப்பட்ட ஆம்பில் அந்தச் சோதனையே வேண்டாம். குழுவுக்கு டாடா ஏஸ் எப்படியும் போகிறது என்றால் பழையதை மைக்செட் இல்லாத இடங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விற்றுவிடுங்கள்.

வாங்குவதற்கு மதுரைக்கோ திருச்சிக்கோ போகும்போது உங்கள் கிட்டாரையும் ஆம்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். எல்லாக் குமிழையும் நடுவில் வைத்து, பாக்ஸை விட்டு 3 அல்லது 4 மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். காலடியில் வைத்துக் கேட்டால் 41 ஹெர்ட்ஸின் 8 மீட்டர் அலைநீளமும் கடையின் மூலைகளும் சேர்ந்து உங்களை ஏமாற்றும். 'பி'யிலிருந்து ஒவ்வொரு சுரமாக மேலே ஏறுங்கள். ஏதாவது ஒரு சுரம் மட்டும் திடீரென வீங்கினால் சற்று இடம் மாறி நின்று மறுபடி வாசியுங்கள்: அப்போதும் அதே சுரம் வீங்கினால் குறை பெட்டியில், வேறு சுரத்துக்கு மாறினால் குறை அறையில். பின்பக்கத்தில் ஸ்பீக்கான் சாக்கெட் (ஸ்பீக்கர் கேபிளுக்கென்றே உள்ள, திருகிப் பூட்டும் வகை) இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கான தடித்த ஸ்பீக்கர் கேபிளையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். கிட்டாருக்குப் போடும் ஷீல்டு கேபிளை அவசரத்துக்கு ஆம்புக்கும் பாக்ஸுக்கும் இடையே செருகும் பழக்கம் நம் மேடைகளில் உண்டு. அதன் மெல்லிய நடுக்கம்பி நூற்றுக்கணக்கான வாட்டுக்கு உரியதன்று.