பதில்: பிஓஎஸ் கடையில் சாயங்காலம் கணக்கு இடிக்குது, வங்கி பிடிக்குதா?

நைஜீரியாவில லாகோஸ்ல பிஓஎஸ் கடை (கார்டு மெஷின் வச்சு ரொக்கம் எடுத்துத் தர்ற கடை) நடத்துற உங்க நண்பருக்கு சாயங்காலம் கணக்குல பணம் குறையுது, வங்கி கட்டணமா பிடிக்குதான்னு கேட்டிருந்தீங்க. வங்கி பிடிக்கலை. 20,000, 10,000 நைரான்னு முழுத் தொகையா துண்டு விழுதுன்னா அது கட்டணம் இல்லை. வராத பணத்துக்கு ரொக்கம் போயிருக்கு.

கார்டில் எடுக்கிறவங்களை விடுங்க. உங்க நண்பர் டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கிட்டும் பணம் தர்றார்னு எழுதியிருக்கீங்களே, ஓட்டை பெரும்பாலும் அங்கேதான். போலி ஆப்பில் அச்சு அசலா ரசீது வரும், வங்கி பேர்லயே எஸ்எம்எஸ்ஸும் வரும். தெருவோரக் குடைக்கடியில நாலு பேர் நிக்கும்போது அந்த மெசேஜைப் பார்த்தே நோட்டை எண்ணிக் கொடுத்துடுவாங்க.

1. நண்பர் எழுதி வைக்கிற கணக்கு நோட்டுப் புத்தகத்தை வங்கி ஸ்டேட்மென்ட்டோட வரி வரியா ஒத்துப் பாருங்க. எஸ்எம்எஸ்ஸோட இல்லை, ஸ்டேட்மென்ட்டோட.

2. இடிக்கிற வரிக்கு ரசீது இருந்தா, அதில 30 இலக்க செஷன் ஐடியை, அதாவது அந்த டிரான்ஸ்ஃபருக்கான அடையாள எண்ணைத் தேடுங்க. வேற வங்கியிலேர்ந்து வந்த டிரான்ஸ்ஃபருக்கு அது உண்டு. அந்த எண்ணைக் கொடுத்தா பணம் எங்கே நிக்குதுன்னு வங்கி பார்த்துச் சொல்லும்.

எண் இருந்தாலே நிஜம்னு எடுத்துக்காதீங்க, அதையும் போலியா அடிக்கலாம். அதே சமயம் வரலைன்னா எல்லாரும் திருடனும் இல்லை. நெட்வொர்க் தொங்கினா நிஜப் பணமே மணிக்கணக்கா தாமதமாகும். நண்பர் தன் வங்கி ஆப்பில் பேலன்ஸ் ஏறினதைப் பார்த்த பிறகுதான் ரொக்கம். வாடிக்கையாளர் கத்தினாலும் சரி.

இன்னொண்ணு, கார்டு டிக்ளைன் ஆகி வாடிக்கையாளர் கணக்குல பணம் கழிஞ்சிருந்தா நண்பர் கைக்காசைத் தர வேண்டாம். அதை 72 மணி நேரத்துக்குள்ள தீர்க்கணும்னு நைஜீரிய மத்திய வங்கி 2020லயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கு.