ராட்வீலர், ஷெப்பர்டு நாய்களுக்கு அடிப்படைப் பயிற்சி: கேள்வி பதில்

கேள்வி: 3 மாத ராட்வீலர் குட்டி. 6 மாதம் ஆனபிறகு பயிற்சி தொடங்கினால் போதும் என்கிறார்களே?

இன்றைக்கே தொடங்குங்கள். 6 மாதம் விட்டால் 30 கிலோ உடம்போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். முதலில் உட்காரப் பழக்குங்கள். வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவு கிள்ளி, மூக்குக்கு நேராகப் பிடித்து, மெல்லத் தலைக்குப் பின்பக்கம் நகர்த்துங்கள். மூக்கு மேலே போனால் பின்பக்கம் தானாக இறங்கும். கையை ரொம்ப உயர்த்தினால் குதிக்கும். பின்பக்கம் தரை தொட்ட நொடியே "குட்" என்று சொல்லி, கோழியைக் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் குட்டி எழுந்திருக்கும். எழுந்ததற்குத்தான் தீனி என்று படிந்துவிடும். கையைப் பார்த்து உட்காரப் பழகியபிறகுதான் "சிட்" என்ற சொல், அதுவும் ஒரே ஒரு முறை. பத்து முறை சொன்னால் பத்தாவதுக்குத்தான் உட்காரும். ஒரு வேளைக்கு 5 நிமிடம், நாளைக்கு 3 வேளை, சாப்பாட்டுக்கு முன்பு.

கேள்வி: தடுப்பூசி இன்னும் முடியவில்லை. வெளியே விடலாமா?

தெருத் தரையில் விடாதீர்கள், பார்வோ (குட்டிகளைக் கொல்லக்கூடிய வைரஸ் நோய்) பயம் உண்டு. தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ, ஹெல்மெட், குடை, குழந்தைகள் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். சுமார் 14 வாரம் வரை பார்ப்பதெல்லாம் எளிதில் பழகும்.

கேள்வி: ஒன்றரை வயது ஷெப்பர்டு, 34 கிலோ. என்னையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. சோக் செயின் (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி) போடலாமா?

வேண்டாம். மார்புப்பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் (கழுத்தில் அல்லாமல் உடம்பில் மாட்டும் வார்), கையில் பிடிக்க 6 அடி பட்டை வாங்குங்கள். பட்டையைக் கையில் சுற்றாதீர்கள், விரல் முறியும். பட்டை இறுகியதும் நின்றுவிடுங்கள். அது திரும்பிப் பார்த்துப் பட்டை தளர்ந்தால் தீனி கொடுத்து நடங்கள். முதல் வாரம் அரை மணியில் ஒரு தெருகூடத் தாண்ட முடியாது, அது சரிதான். ஒரே ஒரு நாள் அவசரத்தில் இழுபட்டுப் போனாலும், இழுத்தால் பலன் உண்டு என்று கற்றுக்கொள்ளும்.

கேள்வி: போலீஸ் நாய்க்கே சோக் செயின்தானே? அடிக்காமல் இவ்வளவு பெரிய நாய் அடங்குமா?

மோப்ப நாய் வெடிமருந்தைத் தேடுவது பந்துக்காக. கண்டுபிடித்தால் விளையாட்டு, அதுதான் கூலி. அங்கே பயிற்சியாளர் நாள் முழுக்க அதே நாயோடு இருக்கிறார். நீங்கள் தெருவில் செய்வது வேறு. எதிரே இன்னொரு நாய் வருகிறது, உங்கள் நாய் பாய்கிறது, நீங்கள் சுண்டி இழுக்கிறீர்கள். கழுத்து வலிக்கும் அந்த நொடியில் அதன் கண்முன் நிற்பது எதிரே வந்த நாய். நாலு நடையில் "நாய் வந்தால் வலி" என்று மனதில் ஏறி, தூரத்தில் பார்த்தாலே சீறும். நீங்கள் இன்னும் பலமாக இழுப்பீர்கள். பயத்தால் கடிக்கும் நாயை இப்படித்தான் உருவாக்குகிறோம். மூச்சுக்குழாய் சேதம் தனி.

கேள்வி: அப்படியானால் முள் காலர்?

மேலே உள்ள பதிலேதான்.

கேள்வி: கூப்பிட்டால் வருவதே இல்லை.

10 மீட்டர் கயிற்றில் கட்டி, ஒரு முறை கூப்பிட்டு, எதிர்த்திசையில் ஓடுங்கள். துரத்தாதீர்கள், அது விளையாட்டாகிவிடும். வந்ததும் கோழி. கூப்பிட்டுக் குளிப்பாட்டுவது, கூண்டில் அடைப்பது, தாமதமாக வந்ததற்குத் திட்டுவது எதுவும் கூடாது.

கேள்வி: சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுகிறது. அடிக்கலாமா?

கூடாது! உறுமல் எச்சரிக்கை; அதை அடித்து நிறுத்தினால் அடுத்தமுறை சத்தமில்லாமல் கடிக்கும். உறுமாத தூரத்தில் நடந்து போகும்போது இன்னும் நல்ல துண்டு ஒன்றைத் தட்டுக்கு வீசுங்கள். பல நாளில் தூரத்தைக் குறையுங்கள். வீட்டில் குழந்தை இருந்தாலோ ஏற்கனவே கடித்திருந்தாலோ இதை நீங்களே முயலாமல் கால்நடை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

கேள்வி: எந்த பிராண்டு தீவனம் நல்லது?

மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: இரண்டு வருடமாக சோக் செயின்தான் போட்டிருக்கிறோம். எப்படி மாற்றுவது?

ஹார்னஸை முதலில் தரையில் வைத்து, மோந்தால் தீனி. பிறகு தலையை நுழைத்தால் தீனி. அடுத்து மாட்டியபடி வீட்டுக்குள் 10 நிமிடம். தெருவுக்கு, ஆள் நடமாட்டமில்லாத விடியற்காலையில். வேறு நாய் தெரிந்தால் சீறும் முன்பே ஒதுங்கி, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோழி கொடுங்கள். பழைய செயினை வீட்டிலிருந்தே அகற்றிவிடுங்கள்.