அபார்ட்மெண்ட் மொட்டைமாடியில் தேசியக் கொடி ஏற்றலாமா? எந்தக் கொடி வாங்குவது, பழையதை என்ன செய்வது?

கேட்டவர் சொல்லியிருப்பது இது: 18 வீடுகள் உள்ள குடியிருப்பு. மாடியில் கம்பம் நட்டு வருஷம் முழுக்கக் கொடி பறக்கவிடலாம் என்கிறார்கள் பாதிப் பேர், வம்பு எதற்கு என்கிறார்கள் மீதிப் பேர். பரணில் பழைய கொடிகள் நான்கு கிடக்கின்றன.

ஏற்றலாம். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் கொடி விதிகள், தனியார் எல்லா நாளும் கொடி ஏற்ற இடம் தருகின்றன. தொழிலதிபர் நவீன் ஜிண்டால் நடத்திய வழக்கில், மரியாதையோடு கொடி ஏற்றுவது கருத்துரிமையில் அடங்கும் என்று 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சூரியன் மறைவதற்குள் இறக்கியாக வேண்டும் என்பதும் இப்போது இல்லை. 2022 ஜூலையில் செய்த திருத்தத்துக்குப் பிறகு வீட்டில் இரவிலும் பறக்கலாம்.

ஆனால் நான் உங்கள் சங்கக் கூட்டத்தில் இருந்தால் ஒன்றுதான் கேட்பேன். யார் இறக்குவது? ஏற்றுவதற்கு ஆள் வரிசையில் நிற்பார்கள். ஐப்பசி மழையில் நனைந்து கம்பத்தோடு சுற்றிக்கொண்ட கொடியை மாடியேறிப் பிரித்து எடுக்க யார் பெயரை எழுதுவீர்கள்? பெயர் கிடைக்கவில்லை என்றால் நிரந்தரக் கம்பம் வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு நாள் ஏற்றி இறக்குங்கள், போதும்.

நான் முப்பது வருஷம் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்தவன். கொடி கட்டுவது எங்கள் தலையில்தான் விழும். வேலைக்குச் சேர்ந்த முதல் சுதந்திர தினத்துக்கு, கெட்டிக்காரத்தனமாக முந்தின நாள் சாயங்காலமே கொடியை மடித்து, பூ வைத்து, கட்டி, மேலே ஏற்றிவிட்டேன். ராத்திரி தூறல். பருத்திக் கயிறு ஊறி முடிச்சு இறுகிவிட்டது. காலையில் சிறப்பு விருந்தினர் இழுக்கிறார், மேலே மூட்டை மாதிரி ஆடுகிறதே தவிர அவிழ்ந்தபாடில்லை. தலைமையாசிரியர் என்னைப் பார்க்கிறார், நான் கம்பத்தைப் பார்க்கிறேன். கடைசியில் எல்லார் முன்னாலும் இறக்கி, பல்லால் கடித்து அவிழ்த்தேன். பூவெல்லாம் என் தலையில் கொட்டியது.

அன்றிலிருந்து காலையில்தான் கட்டுவேன். நீளவாக்கில் மடித்து, சுருட்டி, கொடியோடு வரும் கயிற்றாலேயே இரண்டு சுற்று. கடைசியில் உருவாஞ்சுருக்கு, ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வர வேண்டும். தரையிலேயே இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே அனுப்ப வேண்டும். உள்ளே பூவிதழ் வைக்க விதியில் தடையில்லை. ஆனால் கம்பத்தின் உச்சியில் மாலையோ கலசமோ எதுவும் வைக்கக் கூடாது. தலைகீழாக ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். கொடியின் கயிற்றில் ஒரு முனையில் சிறு மரக்கட்டை தைத்திருப்பார்கள், அது காவிப் பக்கம். கட்டுவதற்கு முன் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது விறுவிறுவென்று, இறக்கும்போது மெதுவாக.

சரி, எந்தக் கொடி? முன்பு காதி மட்டும்தான். 2021 டிசம்பர் 30 திருத்தத்தில் பாலியெஸ்டரும் இயந்திரத்தில் செய்ததும் சேர்ந்துவிட்டன. பாலியெஸ்டர் விலை குறைவு, லேசான காற்றிலும் பறக்கும், நனைந்தால் சீக்கிரம் காயும். காதி நனைந்தால் ஈரச் சாக்கு மாதிரி தொங்கும். இருந்தாலும் நான் காதிதான் வாங்குவேன். காரணம் கடைசியில் வருகிறது.

கடையில் டேப்பை நீட்டி அளக்கக் கூச்சப்படாதீர்கள். நீளமும் உயரமும் 3:2, அதாவது 90 செ.மீ. நீளம் என்றால் 60 செ.மீ. உயரம். 2022-ல் வீடுதோறும் கொடி என்று அலை அடித்தபோது எங்கள் தெருவுக்கு வந்தவற்றில் சில சதுரமாகவே இருந்தன, ஒன்றில் சக்கரம் முட்டை மாதிரி. சக்கரம் நட்டநடுவில், வட்டமாக, 24 ஆரங்களோடு, இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். காதி என்றால் தர நிர்ணய முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணயங்களில் ஐ.எஸ். 1, முதல் எண், கொடிக்குத்தான். ஹூப்ளியில் பெங்கேரி என்ற இடத்தில் இருக்கும் காதி சங்கத்தார் அந்த முத்திரையோடு நெய்து தைத்துத் தருவதில் பேர் போனவர்கள்.

மாட்டும் இடம் பற்றி: தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆண்டெனாவுக்கும் நடுவில் செருகாதீர்கள், எடுப்பாகத் தெரிய வேண்டும். அதே கம்பத்தில் சங்கக் கொடி, கட்சிக் கொடி, கோயில் திருவிழாக் கொடி எதுவும் கூடாது. பக்கத்தில் இதைவிட உயரமாகவும் கூடாது. பால்கனியில் கம்பைச் சாய்த்து நீட்டினால் காவி கம்பின் வெளி நுனிப் பக்கம் இருக்க வேண்டும். சுவரில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் பார்ப்பவருக்கு இடது கைப் பக்கம் காவி. இதில் பெரிய பெரிய விழா மேடைகளிலேயே தப்பு நடக்கிறது. கைப்பிடிச் சுவரில் போர்வை மாதிரி விரித்துப் போடுவது, மேசை விரிப்பாக்குவது, எதுவாக இருந்தாலும் வேண்டாம். காரில் பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர் என்று பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும்.

துவைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தூசி படிந்து கறுத்ததை அப்படியே ஏற்றுவதைவிடத் துவைப்பது மேல். காதியைத் தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊறவைக்காமல் அலசுங்கள். முதல் தடவை காவிச் சாயம் வெள்ளையில் இறங்கும் அபாயம் உண்டு, எனக்கு இறங்கியிருக்கிறது. முறுக்கிப் பிழியாமல் நிழலில் விரியுங்கள். என் மனைவி கேட்டாள்: “கொடியை எந்தக் கொடியில காயப்போட?” நியாயமான கேள்விதான். லுங்கிக்கும் துண்டுக்கும் நடுவில் போட மனசு வரவில்லை. வெறும் கயிறு ஒன்றைத் தனியாகக் கட்டினேன்.

நன்றாகக் காய்ந்த பிறகே மடித்து வையுங்கள், ஈரத்தோடு வைத்தால் வெள்ளையில் கரும்புள்ளி விழும், போகவே போகாது. வெயிலும் எதிரிதான். 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னை கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடி அங்குள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நம் மொட்டைமாடிக் கொடிக்கு அந்த யோகம் கிடையாது. வெயிலில் சாயம் போகும், காற்றில் அடித்து அடித்து வெளி ஓரம் நூல் பிரியும். சிலர் பிரிந்த ஓரத்தை வெட்டி மடித்துத் தைத்துவிடுகிறார்கள். நீளம் குறைந்து 3:2 போய்விடும், சக்கரமும் நடுவில் இருக்காது.

உங்கள் பரணில் இருக்கும் நான்கையும் விரித்துப் பாருங்கள். கிழிந்தது, வெளுத்தது எதையும் ஏற்றக் கூடாது, துடைக்கவும் துணி மூட்டை கட்டவும் எடுக்கக் கூடாது, குப்பை வண்டியில் போடவும் கூடாது. தனிமையில், முழுதாக, மரியாதையோடு அழிக்க வேண்டும், எரிப்பது நல்லது என்கிறது விதி. காகிதக் கொடிக்கும் இதே கதிதான். ஆகஸ்ட் 15 மத்தியானம் மைதானத்தில் மிதிபட்டுக் கிடப்பதைப் பொறுக்கி வர நான் இரண்டு பையன்களை விடுவேன், ஒரு கட்டைப்பை நிறையச் சேரும்.

தனிமையில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பொது இடத்திலோ நாலு பேர் பார்க்கும்படியோ கொடியை எரித்து அவமதிப்பது 1971-ம் ஆண்டுச் சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். நல்ல எண்ணத்தோடு எரித்தாலும் அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டால் வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

காதிக்கான காரணம் இதுதான். நான் கொல்லையில் ஒரு மண்சட்டியில் மடித்து வைத்து எரிப்பேன். பருத்தி ஐந்து நிமிஷத்தில் ஒரு பிடி சாம்பல், அதை மண்ணில் புதைத்துவிடலாம். ஒரே ஒரு முறை பாலியெஸ்டர் கொடியை எரித்தேன். கருகி, உருகி, சொட்டி, கறுப்புக் கட்டியாகச் சட்டியில் ஒட்டிக்கொண்டது. நாற்றம் அடங்க ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்ன சார், டயரைக் கொளுத்துறீங்களா?” என்றார். என்ன சொல்வது? ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.