வாசகர் கேள்வி: பாதி மிதந்த கல்லும் காற்றிலிருந்து இறங்கும் தண்ணீரும்

2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032இல் பூமியில் மோத 1 சதவீத வாய்ப்பு என்றார்கள். பிறகு 3 சதவீதம் என்றார்கள். ஒரே வாரத்தில் ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டார்கள். முதலில் போட்ட கணக்கு தப்பா? (மதுரை வாசகர்)

தப்பில்லை. சரியாகப் போட்ட கணக்கு அப்படித்தான் ஏறி இறங்கும். 2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியில் அது தென்பட்டது. சில வாரம் பார்த்ததை வைத்து, 2032 டிசம்பர் 22 அன்று அது எங்கே இருக்கும் என்று கணித்தால் ஒரு புள்ளி கிடைக்காது. பல லட்சம் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய கோடுதான் கிடைக்கும். 12,750 கி.மீ. அகலமுள்ள பூமி அந்தக் கோட்டின் மேல் இருந்தது. கோட்டில் பூமி அடைக்கும் பங்குதான் அந்தச் சதவீதம்.

நூறு வீடுள்ள தெருவில் ஏதோ ஒரு வீட்டுக்குப் பார்சல் வருகிறது என்று வையுங்கள். உங்கள் வீட்டுக்கு வாய்ப்பு 1 சதவீதம். விசாரித்ததில் 67 வீடு கழிந்து, மீதி 33இல் உங்கள் வீடும் இருந்தால் அது 3 சதவீதம். அடுத்த விசாரணையில் உங்கள் வீடும் கழிந்தால் நேரே பூஜ்யம். சிறுகோளுக்கும் அதேதான் நடந்தது: 2025 பிப்ரவரி 18இல் 3.1 சதவீதம், 24ஆம் தேதி 0.004 சதவீதம். பூமி கோட்டுக்குள் இருக்கும்வரை, கோடு சுருங்கச் சுருங்க எண் ஏறத்தான் செய்யும். இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் தலைப்பில் போட்டதால்தான் அத்தனை பேர் பயந்தார்கள்.

உண்மையாகவே ஒன்று வந்தால் தள்ளிவிட முடியுமா என்பதற்கு ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 26 அன்று அரை டன்னுக்குச் சற்று மேல் எடையுள்ள டார்ட் விண்கலம், நொடிக்கு 6 கி.மீ. வேகத்தில், வேறொரு சிறுகோளைச் சுற்றும் டைமார்ஃபஸ் என்ற குட்டிச் சிறுகோள் மேல் மோதியது. அதன் சுற்றுக்காலம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து 32 நிமிடம் குறைந்தது. கலத்தின் இடி கொடுத்த உந்தலைவிட, இடித்ததும் பின்னால் சிதறிப் பறந்த கல்லும் மண்ணும் கொடுத்த உந்தல் அதிகம்.

எல்கே-99 என்ற கல் காந்தத்தின் மேல் மிதக்கும் காணொளியை இன்னமும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அது மீக்கடத்தி இல்லை என்றால் ஏன் மிதந்தது? (கோவை வாசகர், பாலிடெக்னிக் மாணவர்)

2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து வந்த அறிவிப்பு அது. சாதாரண வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாத பொருள் என்றார்கள். செய்முறையைப் படிப்படியாகப் பார்த்தால் எங்கே பிசகியது என்று தெரியும்.

ஈய ஆக்சைடையும் ஈய சல்பேட்டையும் சம மோல் கலந்து 725 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் சுட்டால் லானார்கைட் என்ற சேர்மம். தாமிரத்தையும் பாஸ்பரஸையும் வெற்றிடக் குழாயில் மூடி 550 டிகிரியில் 48 மணி நேரம் வைத்தால் தாமிர பாஸ்பைடு. இரண்டையும் பொடித்துக் கலந்து, மறுபடி வெற்றிடத்தில் மூடி, 925 டிகிரியில் 5 முதல் 20 மணி நேரம் சுட வேண்டும். இவ்வளவுதான் செய்முறை.

லானார்கைட்டில் இருந்த கந்தகம் எங்கே போனது? சமன்பாட்டைச் சமன் செய்து பாருங்கள். 5 பங்கு லானார்கைட்டும் 6 பங்கு தாமிர பாஸ்பைடும் சேர்ந்தால் ஒரே ஒரு பங்கு எல்கே-99தான் வரும். கூடவே 5 பங்கு தாமிர சல்பைடு, 7 பங்கு தாமிரம், 1 பங்கு ஈயம். உலைக்குள் அழுக்கு உருவாவது செய்முறையிலேயே எழுதியிருக்கிறது. இந்தத் தாமிர சல்பைடு 104 டிகிரி செல்சியஸ் வாக்கில் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். குளிரும்போது அந்த இடத்தில் அதன் மின்தடை சடாரென்று பல மடங்கு விழும். கொரியக் குழுவின் அளவீட்டில் மின்தடை சடாரென்று விழுந்த வெப்பநிலையும் அதே இடம்தான்.

ஸ்டுட்கார்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வகம் கந்தகம் கலக்காத முறையில் ஒற்றைப் படிகம் வளர்த்தது. ஊதா நிறம், ஒளி ஊடுருவியது, மின்சாரம் கடத்தவே இல்லை. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் செய்த மாதிரியிலும் மீக்கடத்தல் தெரியவில்லை.

காணொளியில் கல்லின் ஒரு முனை காந்தத்தைத் தொட்டபடி நிற்பதைக் கவனியுங்கள். இரும்பைப் போல லேசாகக் காந்தத்தன்மை உள்ள ஒழுங்கற்ற சில்லு அப்படி எழுந்து நிற்கும். இட்ரியம் சேர்ந்த மட்பாண்ட மீக்கடத்தியை திரவ நைட்ரஜனில் குளிரவைத்தால் காந்தத்தின் மேல் நிற்கும், பக்கவாட்டில் தள்ளினால் பழைய இடத்துக்குத் திரும்பும், காந்தத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் அடியில் தொங்கும். அந்தத் தலைகீழ்ச் சோதனையைக் கேளுங்கள்.

மின்தடையை நீங்களே அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. நாலு முனை அளவீட்டில் மின்னழுத்தம் எடுக்கும் இரண்டு முனைகளும் மின்னோட்டம் போகாத துண்டில் பட்டாலோ, மாதிரியில் விரிசல் விட்டிருந்தாலோ, மீட்டர் பூஜ்யம் காட்டக்கூடும். மின்னோட்டத்தின் திசையை மாற்றியும், முனைகளை இடம் மாற்றியும் எடுத்த பிறகே அந்தப் பூஜ்யத்தை நோட்டில் எழுதுங்கள்.

அணுக்கரு இணைவில் போட்டதைவிட அதிக ஆற்றல் எடுத்துவிட்டார்களாமே, வீட்டுக்கு மின்சாரம் எப்போது வரும்? (திருச்சி வாசகர்)

2022 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவில் ஹைட்ரஜன் அணுக்கருக்களை இணைக்க 192 லேசர் கற்றைகள் 2.05 மெகாஜூல் கொடுத்து 3.15 மெகாஜூல் எடுத்தன. உண்மையான சாதனை. ஆனால் அந்த 3.15 மெகாஜூல் நம் வீட்டு மீட்டரில் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. லேசரை ஓட்ட மின்தொடரிலிருந்து இழுத்தது ஏறத்தாழ 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட். ஒரு முறை சுட்டதற்கே இந்தக் கணக்கு. மின்நிலையம் நடத்த நொடிக்குப் பல முறை சுட வேண்டும்.

காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் பொருளுக்கு 2025 நோபல் பரிசு கொடுத்தார்களே, ராமநாதபுரம் மாதிரி ஊருக்கு அது உதவுமா? (பரமக்குடி வாசகி)

சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவரும் பரிசு பெற்றது உலோகக் கரிமச் சட்டகம் (எம்ஓஎஃப்) என்ற பொருள் வகைக்காக. உலோக அயனிகள் முடிச்சாகவும் கரிம மூலக்கூறுகள் கம்பாகவும் கட்டிய, உள்ளே முழுக்க அறைகளாக இருக்கும் படிகம். யாகி குழு அலுமினியம் வைத்துச் செய்த எம்ஓஎஃப்-303ஐ அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்குப் பாலைவனத்திலேயே வைத்துச் சோதித்தது. இரவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பகலில் வெயில் சுட்டால் விடும். அதைக் குளிர்ந்த சுவரில் படியவைத்துச் சேர்க்கலாம்.

பாலைவனத்துக்கு இது ஏன் தேவை என்றால், 35 டிகிரி வெப்பமும் 10 சதவீத ஈரமும் உள்ள காற்றை உறைநிலைக்குக் கீழே குளிரவைத்தால்தான் பனி படியும். ஏசி மாதிரி இயந்திரம் அங்கே திணறும். ராமநாதபுரம் கடற்கரையில் 30 டிகிரி, 75 சதவீத ஈரம் என்றால் 25 டிகிரியிலேயே தண்ணீர் சொட்டும். ஐஸ் தண்ணீர்ச் செம்பு வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே விலை உயர்ந்த படிகத்துக்கு வேலை குறைவு.

இன்னொரு கணக்கும் உண்டு, இதை எந்தப் பொருளாலும் தாண்ட முடியாது. சட்டகத்தில் ஒட்டிய ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றவே குறைந்தது 0.68 யூனிட் வெப்பம் வேண்டும். நம் ஊரில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு விழும் வெயில் ஏறத்தாழ 5 யூனிட். துளி வீணாகாவிட்டாலும் 7 லிட்டர்தான், நிஜத்தில் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். கடல்நீரைச் சவ்வு வழியாக அழுத்திக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கே 3 முதல் 4 யூனிட் போதும். ஊருக்குத் தண்ணீர் வேண்டுமானால் அதுதான் வழி, சென்னை அருகே நெம்மேலியில் நடப்பதும் அதுவே. குழாய் போக முடியாத வறண்ட இடத்தில் ஒரு குடும்பம் குடிக்க மட்டும் வேண்டும் என்றால் சட்டகத்துக்கு மதிப்பு உண்டு.

என் தம்பி மகனுக்கு 9 வயது, அரிவாள் செல் சோகை. மரபணுவை வெட்டிச் சரிசெய்யும் ஊசி வந்துவிட்டது என்கிறார்கள். வாங்க முடியுமா? (கூடலூர் வாசகி)

வந்திருப்பது ஊசி அல்ல அம்மா, மாதக்கணக்கில் நடக்கும் சிகிச்சை. கேஸ்ஜெவி என்று பெயர். பிரிட்டன் 2023 நவம்பரிலும் அமெரிக்கா டிசம்பரிலும் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அனுமதித்தன. 2023இல் அறிவித்த அமெரிக்க விலை 22 லட்சம் டாலர்.

முதலில் குறைந்தது எட்டு வாரம் ரத்தம் மாற்றி மாற்றி ஏற்றி, சிவப்பணுவை அரிவாளாக வளைக்கும் அரிவாள் ஹீமோகுளோபினை 30 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவார்கள். பிளெரிக்ஸஃபார் என்ற மருந்து கொடுத்து எலும்பு மஜ்ஜையின் தாய்ச் செல்களை ரத்தத்துக்கு இறக்கிப் பிரித்தெடுப்பார்கள். மற்ற நோயாளிகளுக்குத் தரும் ஜி-சிஎஸ்எஃப் மருந்தை இவர்களுக்குத் தரக்கூடாது, வளைந்த செல்கள் ரத்தக் குழாயை அடைத்துக் கடும் வலி நெருக்கடி வந்து உயிருக்கே ஆபத்தாகும். உடல் எடையில் கிலோவுக்கு 30 லட்சம் செல்லாவது திருத்தி ஏற்ற வேண்டும். அதைத் தவிர, திருத்தாத செல்லும் கிலோவுக்கு 20 லட்சம் பத்திரமாக எடுத்து வைப்பார்கள். ஒரே தடவையில் அவ்வளவு சேராமல் இரண்டு மூன்று முறை எடுக்க நேர்வது உண்டு. செல்லைத் திருத்தி அனுப்ப ஆறு மாதம் வரை ஆகும். அதன்பிறகு புசல்ஃபான் என்ற கீமோ மருந்தால் பழைய மஜ்ஜையை அழித்துவிட்டுப் புதுச் செல்லை ஏற்றுவார்கள். நாலு முதல் ஆறு வாரம் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். புசல்ஃபானால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகலாம். சோதனையில் போதிய காலம் கண்காணித்த 31 பேரில் 29 பேருக்கு ஓராண்டாவது கடும் வலி நெருக்கடி வரவில்லை என்பதும் உண்மைதான்.

வெட்டுவது அரிவாள் மரபணுவை அல்ல. கருவில் ஓடிய ஹீமோகுளோபினைப் பிறந்த பிறகு அணைத்து வைக்கும் பிசிஎல்11ஏ என்ற விசையைத் தளர்த்துகிறார்கள். கரு ஹீமோகுளோபின் கூடினால் செல் அரிவாளாக வளைவது குறையும். அதே கரு ஹீமோகுளோபினைக் கூட்டும் மாத்திரை உங்கள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது: ஹைட்ராக்ஸியூரியா. பையன் அதை எடுக்கிறானா என்று இன்றே கேளுங்கள். தொடங்கிய முதல் மாதங்களில் நாலு வாரத்துக்கு ஒரு முறை ரத்த அணுக்கள் எண்ண வேண்டும். வெள்ளணு குறைந்தால் மருத்துவர் சில நாள் நிறுத்தி அளவைக் குறைத்துத் தொடர்வார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கூடப்பிறந்தவர் இருந்தால் மஜ்ஜை பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மஜ்ஜை மாற்று நம் நாட்டிலேயே நடக்கிறது. தாய்ச் செல்லில் மரபணு சேர்க்கும் வேலைக்கும் வேலூர் சிஎம்சி தொலைவில் இல்லை. ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபீலியா உள்ள 5 பேருக்கு அப்படிச் செய்து, பிறகு ரத்தக் கசிவே வரவில்லை என்று 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கும் சோதனை வேண்டும். 1952இலேயே இந்த நோய் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் பதிவாகியிருக்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய திட்டத்தில் 40 வயது வரை சோதிக்கிறார்கள். ரத்தத்தைக் கரைசலில் விட்டுக் கலங்குகிறதா என்று பார்க்கும் கலங்கல் சோதனை மட்டும் செய்து அனுப்பினால் போதாது. மரபணுவைச் சுமப்பவரையும் நோயாளியையும் அது பிரித்துக் காட்டாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி சோதனையின் அறிக்கை கேட்டு வாங்குங்கள்.

பையனுக்கு நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். மண்ணீரல் பழுதாகிவிடுவதால் இவர்களுக்குக் கிருமி வேகமாகப் பரவும். காய்ச்சல் 38.5 டிகிரி, அதாவது 101.3 ஃபாரன்ஹீட் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பாராசிட்டமால் கொடுத்துப் படுக்கவைக்கவும் வேண்டாம். இரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், வாசலிலேயே "சிக்கிள் செல் பையன்" என்று சொல்லுங்கள்.