கிரேக் ராட்வெல் புத்தகக் கடைக்காரர்தானே, அவரைச் சமூகப் போராளி என்பது ஏன்?

நீங்கள் அவருடைய பெயரை ஏதோ ஒரு சிறு குறிப்பில் பார்த்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புத்தகம் விற்றே குடும்பம் நடத்துகிறவன் நான். ஆகவே இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

ராட்வெல் 1967 நவம்பரில் நியூயார்க்கின் மெர்சர் தெருவில் ஆஸ்கார் வைல்டு நினைவுப் புத்தகக் கடையைத் திறந்தார். அன்றைய தன்பாலீர்ப்பாளர்களுக்கு மதுக்கூடங்களை விட்டால் கூடுவதற்கு வேறு இடம் அரிது. அங்கும் எந்த நேரத்திலும் காவல்துறை புகுந்துவிடும். அவரோ ஆபாச இதழ்களை விற்க மறுத்து, எவரும் பகலில் தலைநிமிர்ந்து நுழையக்கூடிய கடையாக அதை நடத்தினார். 1969இல் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் காவல்துறை புகுந்ததை எதிர்த்துத் தன்பாலீர்ப்பாளர்கள் கிளர்ந்தெழுந்த ஸ்டோன்வால் எழுச்சி நடந்தபின், அதன் நினைவாக ஆண்டுதோறும் ஊர்வலம் நடத்த வேண்டும் என்று முன்மொழிந்தவர்களில் அவரே முதன்மையானவர். 1970 ஜூன் 28 அன்று அந்த முதல் ஊர்வலம் புறப்பட்டது. எங்கள் நாட்டில் 1990இல் தன்பாலீர்ப்பாளர் உரிமைப் போராளி சைமன் ந்கோலி முதலானோர் ஜோகன்னஸ்பர்க்கில் நடத்திய ஊர்வலமும் அந்த வழியில் வந்ததுதான்.

இனி என் அனுபவம். தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிய நூல்களை நான் பின்புற அலமாரியில் ஒளித்து வைப்பதில்லை; வாசலருகே உள்ள மேசையில்தான் வைக்கிறேன். கோவில் நிர்வாகத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வந்து, "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், எடுத்து உள்ளே வையுங்கள்" என்றார். இதே டர்பனின் கிளேர்வுட்டில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளை, ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையராக இருந்து 2013இல் தன்பாலீர்ப்பாளர் முதலானோருக்காகவே ஓர் உலகளாவிய இயக்கத்தைத் தொடங்கிய செய்தியை அவரிடம் சொன்னேன். நம் தமிழ்ப் பெண் அவர். பெரியவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். நூல்கள் அங்கேயே இருந்தன.

டர்பனில் இந்தியர் மிகுந்து வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஓர் அம்மா அந்த மேசையருகே வெகுநேரம் நின்றார். பெற்றோருக்கென்று எழுதப்பட்ட ஒரு நூலை எடுத்து, அட்டை கீழே இருக்கும்படி கவிழ்த்து என்னிடம் நீட்டினார். "பிள்ளைக்கு இது நோய் இல்லைன்னு இதுல போட்டிருக்கா, தம்பி?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. தன்பாலீர்ப்பின் பேரில் பாகுபாடு கூடாது என்று எங்கள் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சொல்கிறது. ஆனால் அந்த அம்மாவுக்கு அதை வீட்டில் எடுத்துச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

வியாபாரத்துக்குச் சேவை என்று பெயர் சூட்டுகிறேன் எனச் சிலர் சொல்லக்கூடும். அவர்கள் என் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கட்டும். சமையல் நூல்களும் சோதிட நூல்களும் விற்பதில் கால் பங்குகூட இவை விற்பதில்லை. போதாக்குறைக்கு, இந்த நாட்டில் பழுப்பு ரொட்டிக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது, புத்தகத்துக்கு 15 விழுக்காடு உண்டு. டோங்காட்டில் இருக்கும் தங்கைக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்த அம்மா இன்னொரு பிரதி வாங்க வந்தபோது என் லாபத்தை விட்டுக்கொடுத்தேன். வரியை மட்டும் அவரிடம் வாங்கத்தான் வேண்டியிருந்தது.